பின்னால் போகாத வண்டி

நான் குடியிருந்த மாடிக்குக் கீழே இரண்டு ஆண்கள் இருந்தார்கள். தேர்தலில் யார் நின்றாலும், விலைவாசி எங்கே போனாலும் "அது கெடக்கட்டும் சார்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு காரைக் காட்டி, இதன் பின்விளக்கு வட்டமாக இருப்பது சரியா, நீளமாக இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்டவன் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

மூத்தவர் டிங்கர். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி, பெயிண்டர். இவர் நிமிர்த்தியதன் மேல் பட்டி பூசி, தேய்த்து, வர்ணம் அடிப்பவன். நடுவில் ஒருத்தி இருந்தாள். இவருக்கு மனைவி, அவனுக்கு அக்கா. வாடகைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கும் அக்கா ஆகிவிட்டாள். அந்தக் கார்களுக்கெல்லாம் சீட் தைப்பவள் அவள்தான்.

என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே அவர்களுடைய தகரக் கொட்டகை. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவன், பத்து மணிக்குப் போனால் போதும். ஆனால் பத்து வரை தூங்க எவன் விட்டான்? டிங்கரின் சுத்தியல் விடிந்ததும் ஆரம்பித்துவிடும். சண்டை போடலாம் என்று ஒருநாள் கோபமாகக் கீழே இறங்கிப் போனேன். டிங்கர் என் கையில் ஒரு டீயைக் கொடுத்து, "சார், நீங்க சொல்லுங்க, காருக்கு வாலு தேவையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அந்தக் கொட்டகையில் ஒரு ஸ்டூலுக்குச் சொந்தக்காரன்.

வால் என்று அவர் சொன்னது, பின்பக்கம் இரண்டு இறக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் காலத்து நீளக் கார்களை. பெயிண்டருக்கு அவை என்றால் உயிர்.

"மாட்டுக்கு வாலு இருக்கு, ஈ ஓட்டுது. காருக்கு எதுக்குடா வாலு?" என்பார் டிங்கர்.

"அழகுக்கு மாமா."

"அழகு ஓடுமா?"

"ஓடறதுக்கு பஸ் இருக்கு. கார் பாக்கறதுக்கு."

"துரு எங்க புடிக்கும் தெரியுமா? அந்த வாலுக்குள்ளதான். தண்ணி உள்ள போனா வெளிய வர வழியே கெடையாது. நான் முழங்கை வரைக்கும் கைய விட்டுத் தட்டணும். உனக்கென்ன, மேல பூசிட்டுப் போயிடுவ."

"நான் பூசலைன்னா நீங்க தட்டினது எவனுக்குத் தெரியும்?"

தையல் மெஷினை நிறுத்தாமல் அக்கா குரல் கொடுப்பாள். "ரெண்டு பேரும் வாய மூடிட்டு வந்து சாப்பிடுங்க."

"வாய மூடிட்டு எப்படிக்கா சாப்பிடறது?"

"அதக் கண்டுபிடிச்சாலாவது இந்த வீடு உருப்படும்."

சாப்பாடும் கொட்டகையிலேயே நடக்கும். ரொட்டி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு. கழற்றி வைத்த கார்க் கதவு ஒன்றை இரண்டு டிரம் மேல் போட்டிருப்பார்கள், அதுதான் மேஜை. சாப்பிடும்போதும் பேச்சு நிற்காது. நெற்றி நடுவில் மூன்றாவதாக ஒரு விளக்கு உள்ள கார் ஒன்று வந்திருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த விளக்கும் திரும்பும். அது புத்திசாலித்தனம் என்றார் டிங்கர். "முழிச்சு முழிச்சுப் பாக்குது மாமா, பூசறப்ப எனக்கே கூச்சமா இருந்துச்சு" என்றான் பெயிண்டர். இன்னொரு காருக்குக் கதவுகள் பின்பக்கக் கீலில் திறக்கும். அதில் ராஜா மாதிரி இறங்கலாம் என்றான் இவன். ஓடும்போது திறந்துகொண்டால் ராஜா மாதிரி போய்ச் சேரலாம் என்றார் அவர். எனக்குக் கார் என்றால் ஏற வேண்டும், இறங்க வேண்டும். இருந்தும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் வயிறு நிறைந்ததே தெரியாது.

பேச்சில் எப்படியோ, வேலையில் இரண்டு பேரும் ஒரே ஆள். டிங்கர் உள்ளிருந்து ஒரு கட்டையைக் கொடுத்து வெளியிலிருந்து தட்டுவார். பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன் மேல் ஓட்டுவான். எங்கேயாவது கை நின்றால் அவர் ஒன்றும் கேட்காமல் அந்த இடத்தில் இன்னொரு தட்டு தட்டுவார். பிறகு பட்டி, உப்புத்தாள், தண்ணீர், மறுபடி உப்புத்தாள். மழைக்காலத்தில் வர்ணம் காயாமல் பால் மாதிரி வெளுத்துப் போகும். அப்போது பெயிண்டர் வானத்தைப் பார்த்துப் பேசும் பேச்சை எழுத முடியாது. அக்கா பழைய சீட்டைப் பிரித்து, நார் மாற்றி, ஸ்பிரிங் கட்டி, தடித்த ஊசியால் தோலைத் தைப்பாள். பிரிக்கும்போது உள்ளேயிருந்து கொண்டை ஊசி, சட்டைப் பொத்தான், எந்தக் குழந்தையோ தொலைத்த பல் எல்லாம் வரும். அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, கார்க்காரர் வரும்போது திருப்பிக் கொடுப்பாள்.

பெயிண்டருக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். புதுப் பெண்ணாக வந்த அக்கா தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தாள். டிங்கர் பையனைத் தூக்கி ஒரு காரின் கூரை மேல் உட்கார வைத்து, "இங்கேர்ந்து பாரு, எல்லாம் தெரியும்" என்றாராம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனே பிள்ளை. இப்போது அவனுக்கு நாற்பது நெருங்குகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் "ஒரு கோட் அடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போய்விடுவான்.

சண்டை ஆரம்பித்தது பல் டாக்டரால். நல்ல மனிதர். ஒரு வண்டி கொண்டுவந்தார். முட்டையைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். பக்கத்தில் கதவே கிடையாது. மூஞ்சி முழுவதும் ஒரே கதவு, ஃபிரிட்ஜைத் திறப்பது போல் முன்பக்கம் திறந்து உள்ளே போய் உட்கார வேண்டும். அதைவிட வேடிக்கை, அதற்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. போனால் முன்னாடி மட்டும்தான். பின்னால் வர வேண்டுமென்றால் இறங்கித் தள்ள வேண்டும். இதைக் கண்டு இருவரும் ஒரு வாரம் குழந்தைகள் மாதிரி சந்தோஷமாக இருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் டாக்டர் வேலையைப் பார்க்க வந்தார். சும்மா இருந்திருக்கலாம். "இத்தனை வருஷத்துல நீங்க பாத்ததுலயே எது நல்ல கார்?" என்று கேட்டுவிட்டார்.

டிங்கர் திரும்பிக் கொட்டகையின் கடைசியைக் காட்டினார். அங்கே ஒரு கறுப்பு வண்டி, முதுகு வளைந்த பெரிய வண்டி, டார்ப்பாய்க்குள் நின்றது. பழைய இரும்புக்காக உடைக்க வைத்திருந்த இடத்திலிருந்து அவர் தனக்காகக் கொண்டுவந்தது. வெளிவேலை இல்லாத நாளில் அதைத் தட்டிக்கொண்டிருப்பார்.

"அதான் சார் காரு. ஏழு பேரு ஏறினாலும் முனகாது. மூஞ்சியப் பாருங்க, பொய் சொல்லாத மூஞ்சி" என்றார்.

பெயிண்டர் உப்புத்தாளைத் தண்ணீர் வாளியில் போட்டான். "அது காரே இல்ல சார். சக்கரம் வெச்ச பீரோ. அதத் தட்டித் தட்டியே மாமா தன் வாழ்க்கைய வீணாக்கிட்டாரு. கூட இருந்து நானும் வீணாப் போனேன்."

பீரோவோடு நிறுத்தியிருந்தால் டிங்கர் சிரித்திருப்பார். அதற்கு மேல் அவன் போனதுதான் எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் எதையோ தேடுவது போல் தரையைப் பார்த்தார். டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "வீணாப் போறவன் எதுக்குடா இங்க இருக்க? போ" என்றார்.

"போறேன். வேற ஊருல ஒரு பெரிய ஷெட்ல கூப்பிட்டிருக்காங்க. இந்த முட்டைய முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

அத்தோடு பேச்சு நின்றது. ஒரே கொட்டகையில், ஒரே வண்டியின் இரண்டு பக்கம் நின்று வேலை செய்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. "பாஞ்சு நம்பர் ஸ்பேனர் எங்கன்னு கேளுங்க சார்" என்பார் அவர் என்னிடம். "டிராயர்லன்னு சொல்லுங்க சார்" என்பான் அவன், அவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில். நடுவில் நான் டெலிபோன் கம்பி மாதிரி நின்றேன். எனக்கு எரிச்சலாகவும் வந்தது, துக்கமாகவும் இருந்தது. முன்பு சத்தம் பொறுக்காமல் காதில் பஞ்சு வைத்தவன், இப்போது கீழே ஒரு சண்டைச் சத்தமாவது கேட்காதா என்று ஜன்னலருகில் நின்றேன்.

ஒருநாள் மாடிப்படியில் அக்கா என்னை நிறுத்தினாள்.

"தம்பி, நீங்களாவது அவன்கிட்ட பேசுங்க."

"என்னன்னு பேசறது அக்கா? போகாதன்னா?"

"போறதப் பத்தி இல்ல. இப்படிப் போறானே, அதான். மொகத்தத் திருப்பிட்டுப் போறவன் திரும்பி எந்த மொகத்தோட வருவான்? எனக்குன்னு பொறந்த வீடு அவன் ஒருத்தன்தான். கோவிச்சுட்டுப் போயிட்டான்னா எனக்கு யாரு இருக்கா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு. இவர் போன்னு சொன்னதும் அவன் போறேன்னான் பாருங்க, அந்த வேகம். ஏற்கெனவே வாயில வெச்சிருந்த மாதிரி இருந்துச்சு."

நான் பேசிப் பார்த்தேன். பெயிண்டர் ஸ்பிரே துப்பாக்கியில் வர்ணம் ஊற்றிக்கொண்டே, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்றான். வர்ணம் விளிம்பில் வழிந்தது. அவன் வழிய விட்டு நான் பார்த்ததில்லை.

முட்டை வண்டி முடிந்தது. கீழே இளம்பச்சை, மேலே பாலாடை நிறம். மறுநாள் காலை டாக்டர் வந்து எடுத்துக்கொள்வார். அதே காலை பஸ்ஸில் பெயிண்டர் கிளம்புவான். அவன் பை கட்டி அறை வாசலில் இருந்தது.

எந்த வண்டி முடிந்தாலும் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருவரும் ஏறி ஒரு சுற்றுப் போவார்கள். பெயிண்டர் ஓட்டுவான். டிங்கர் கண்ணை மூடிக்கொண்டு எங்கே என்ன கடகடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருவார். பேச்சு நின்றாலும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. மதியம் மூஞ்சிக் கதவைத் திறந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், தோள் உரச உட்கார்ந்தார்கள். அந்த வண்டியில் தள்ளி உட்கார இடம் கிடையாது. டிங்கரின் வயிறு வேறு. பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் வானம் இருட்டியது. சடசடவென்று பெரிய தூறல். வர்ணம் இன்னும் முழுசாக இறுகவில்லை, மழை பட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். நானும் அக்காவும் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே கிடந்த தோலையும் நாரையும் வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினோம். முட்டை வண்டி பறந்து வந்து கொட்டகைக்குள் நுழைந்த சத்தம் கேட்டது. அப்பாடா என்றாள் அக்கா.

பிறகு ஹார்ன் அடித்தது. அந்த வண்டியின் ஹார்ன் வாத்துக் கத்துவது போல் இருக்கும். நிறுத்தி நிறுத்தி அடித்தது. போய்ப் பார்த்தோம்.

வண்டி கொட்டகையின் பின்சுவரை முட்டுகிற மாதிரி நின்றது. மூஞ்சிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஜாண் இருக்கும். கதவு இருப்பது மூஞ்சியில். பின்னால் போக வழியில்லை. உள்ளே இரண்டு பேர், நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்து அந்த வண்டியை ஒருநாளும் அவர்கள் மூஞ்சியை முன்னால் விட்டு நிறுத்தியதில்லை. வாசலில் இறங்கி, திருப்பி, முதுகுப் பக்கமாகத் தள்ளித்தான் உள்ளே கொண்டுவருவார்கள். மழை அவசரத்தில் பெயிண்டர் மறந்துவிட்டான்.

பக்கத்து ஜன்னல் கண்ணாடியை நகர்த்தினால் ஒரு கை போகும் அளவு சந்து இருந்தது. அக்கா அதன் வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, அவன்தான் மறந்தான். நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? பாக்கலையா?"

"பாத்தேன்" என்றார் டிங்கர்.

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவன்தான் என்கிட்ட பேசறதில்லையே."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கூரையில் மடிக்கிற துணி உண்டு, அதைத் திறந்தால் ஏறி வரலாம். ஆனால் அன்று காலைதான் அக்கா அதற்குப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். கை வைத்தால் பிய்ந்துவிடும். திறந்தாலும் டிங்கரின் வயிறு வராது.

"அவ்ளோதானே, பின்னால புடிச்சு இழுத்தா வந்துடப் போவுது" என்று நான் குனிந்து இழுத்தேன். அசையவில்லை.

"ஹேண்ட் பிரேக்க விடுங்க" என்றேன்.

"விட மாட்டேன்" என்றார் டிங்கர். பிரேக் கம்பி இருவர் முழங்காலுக்கும் நடுவில் இருந்தது. அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "அவன் சொல்லட்டும். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. என் வாழ்க்கை வீணா? உன்னத் தூக்கி வளத்தது வீணா? சொல்லிட்டு எறங்கு."

மழை தகரத்தில் பலமாக இறங்கியது. பெயிண்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, பிரேக்க விடுங்க."

"சொல்லு."

"அப்படிச் சொன்னாத்தான் நீங்க போன்னு சொல்லுவீங்கன்னு சொன்னேன்."

டிங்கர் அவன் பக்கம் திரும்ப முயன்றார். திரும்ப இடமில்லை. "என்னடா சொல்ற?"

"சும்மா போறேன்னு சொன்னா, ஏன்டான்னு கேப்பீங்க. அக்கா அழும். நீங்க ஒரு வார்த்த, இருடான்னு சொல்லுவீங்க. நான் இருந்துடுவேன். எனக்குத் தெரியும் மாமா, நீங்க சொன்னா நான் இருந்துடுவேன். சண்ட போட்டாத்தான் எனக்குக் கால் நகரும்."

"எதுக்குடா போகணும்?" என்றாள் அக்கா ஜன்னல் சந்தில் வாயை வைத்து.

அவன் காது சிவந்திருந்தது.

"ஒருத்தங்க இருக்காங்க" என்றான்.

"யாரு?"

"போன வருஷம் ஒரு வேன் பெயின்ட் அடிக்க வெளியூர் போனேன்ல? அங்க. கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவங்க. புருஷன் இல்ல. ஒரு பொண்ணு, ஸ்கூல் போகுது. அவங்க அம்மாவுக்கு நடக்க முடியாது. அவங்களால இங்க வர முடியாதுக்கா. நான்தான் போகணும்."

அக்காவின் கை வண்டி விளிம்பை இறுக்கிப் பிடித்தது. டிங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆளு எப்படி?" என்றார்.

"நல்ல உறுதியான ஆளு மாமா. கொஞ்சம் பழைய மாடல்தான். ஆனா சத்தமே வராது, நிதானமா..."

அக்கா வண்டியின் பக்கத் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "டேய்! அது என்ன வண்டியா? மனுஷிடா. மனுஷியச் சொல்ற மாதிரி சொல்லு."

பெயிண்டர் முழித்தான். அவனுக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை. வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னான். "நான் பேசறப்ப குறுக்க பேசமாட்டாங்க. சாப்பிட்டியான்னு கேக்கறதுக்கு முன்னாடி தட்ட வெச்சுடுவாங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட படம் வரஞ்சு காட்டுது. அவங்க வீட்ல நான் உக்காந்தா, எப்ப எந்திரிக்கணும்னு தோணவே மாட்டேங்குது. உன் வீடு மாதிரி இருக்குக்கா."

நான் மழையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். கண் கலங்கினால் வெட்கப்படுகிற வயது எனக்கு இன்னும் போகவில்லை.

"கார் பத்தி அந்தம்மா என்ன நெனைக்குது?" என்று கேட்டார் டிங்கர்.

"ஒண்ணும் நெனைக்கலை மாமா. பிரேக் புடிச்சா போதும்ங்கறாங்க."

"வாலு?"

"அது எதுக்குன்னு கேட்டாங்க."

டிங்கரின் வயிறு குலுங்கியது. வண்டி முழுவதும் ஆடியது. சிரிப்பு என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அழுகையும் கலந்திருந்தது. முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்க இடமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பீரோன்னியே, அது?"

"அது நெஜம் மாமா. வீணுன்னதுதான் பொய்."

"பீரோன்னா என்னடா கொறச்சல்? நாலு பேரு சாமான வெச்சுக் காப்பாத்துது." மூக்கை உறிஞ்சினார். "இத வீட்டுக்குள்ள வந்து சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? நான் என்ன புலியா? அழுவோம். அழுதுட்டு அனுப்பி வெப்போம். அதுக்குப் பயந்து இப்படி அறுத்துக்கிட்டுப் போவியா? போடா. போ. போயி ஒழுங்கா இரு. ஆனா கோவத்தோட போனேன்னு எவன்கிட்டயும் சொல்லாத. நான் அனுப்பி வெச்சேன்னு சொல்லு."

"சரி மாமா."

டிங்கர் கம்பியை விட்டார். டக்கென்று பிரேக் இறங்கியது. "இழுங்க சார்" என்றார்.

நான் பின் பம்பரைப் பிடித்தேன். அக்கா என் கை மேல் கை வைத்தாள்.

"இருங்க தம்பி."

"ஏன்க்கா?"

உள்ளே கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். "கதவத் தெறந்தா அவன் போயிடுவான். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் வைப்பது எப்படி என்று டிங்கர் கேட்டார். இவன் சொன்னது தப்பு என்றார். குரல் உயர்ந்தது. இவனும் உயர்த்தினான். அக்கா வண்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மழை ஓய்ந்து, கூரை விளிம்பில் மட்டும் சொட்டியது. அவள் நகரவில்லை.

"அக்கா" என்றான் பெயிண்டர் உள்ளேயிருந்து. "கால் மரத்துப் போச்சுக்கா. இருக்கியா?"

"இருக்கேன்டா" என்று சொல்லிவிட்டு, அவளே குனிந்து இழுத்தாள்.